காலைக் காட்டுங்க, கல்லீரலைச் சொல்றேன்

குதிகால் வலி என்று ஒன்று இருக்கிறது. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குச் சொன்னால் புரியாது. ராத்திரி நன்றாகத்தான் தூங்கியிருப்போம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால், யாரோ குதிகாலில் ஆணியை வைத்து அடித்த மாதிரி சுரீர் என்று ஏறும். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி பாத்ரூம் போய், பல் தேய்த்து முடிப்பதற்குள் குறைந்துவிடும். அப்புறம் ஆள் நார்மல். ஆபீஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் ஆணி.

எலும்பு டாக்டர் 'பிளான்டார் ஃபேஷியைட்டிஸ்' என்று ஏதோ இத்தாலி பலகாரம் மாதிரி ஒரு பேர் சொன்னார். பாதத்துக்கு அடியில் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் மாதிரி. அது குதிகாலோடு ஒட்டுகிற இடத்தில் நைந்துபோனால் இந்த வலி. ராத்திரி முழுக்க சுருங்கிக் கிடந்த பட்டை, காலையில் முதல் அடியில் வெடுக்கென்று இழுபடுகிறது. "கெண்டைக்காலை நீட்டி மடக்கிப் பயிற்சி பண்ணுங்க, வீட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டுக்குங்க, எடையைக் குறைங்க, சில மாசத்துல சரியாயிடும்" என்றார். மாசக்கணக்கு சொல்கிற டாக்டரை யாருக்குங்க பிடிக்கும்?

நம்ம ஊரில் வலி என்று வாயைத் திறந்தால் போதும், தெருவே டாக்டர்தான். செங்கல்லைச் சுடவைத்து அதன்மேல் எருக்க இலையைப் போட்டு மிதிக்கச் சொன்னார் கீழ்வீட்டுப் பாட்டி. மிதித்தேன். இதமாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு. ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வர்மம் என்றார், இன்னொருத்தர் யூரிக் ஆசிட் என்றார். ஆனால் இவங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் என் மாமனார்தான்.

மாமா பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ரிடையர் ஆனவர். இந்தக் கதை நடந்த 2023-ல் அவருக்கு வயசு 71. இருபது வருஷமாக சர்க்கரை. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று மாத்திரை. அந்த மாத்திரைகள்மேல் அவருக்கு ஒரு தீராத பகை. அவர் ஊரில் ஒரு பாத அழுத்த சிகிச்சை நிலையம் புதுசாக வந்திருந்தது. பத்து சிட்டிங்குக்கு இவ்வளவு என்று பேக்கேஜ். அங்கே போய்ட்டு வந்ததிலிருந்து மனுஷன் வேறு ஆள்.

"கணையத்தோட பாயின்ட் உள்ளங்கால்ல இருக்கு மாப்ளே. அதை அழுத்தி அழுத்தி விட்டா, தூங்கிட்டிருக்கிற கணையம் முழிச்சுக்குமாம். அப்புறம் மாத்திரை எதுக்குங்கிறேன்?"

கூடவே முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரப்பர் செருப்பையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். தலையில் என்றால் காலில். அதைப் போட்டுக்கொண்டு தினமும் மொட்டைமாடியில் அரைமணி நேரம் நடை. நான் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். நாலு அடிக்கு மேல் முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா சிரித்தார். "பழகணும் மாப்ளே. எனக்கெல்லாம் ஒண்ணுமே தெரியலை."

இந்த 'ஒண்ணுமே தெரியலை'யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மச்சானுக்கு பாங்காக்கில் வேலை. 2023 டிசம்பரில் பத்து நாள் லீவு போட்டு எல்லாரும் கிளம்பினோம். சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம்தான். ஏர்போர்ட்டில் வைத்து மாமா தன் திட்டத்தை அறிவித்தார். "இங்க இருக்கிறதெல்லாம் காப்பி. ஒரிஜினல் தாய்லாந்துலதான். பத்து நாளும் தினம் ஒரு சிட்டிங் போட்டுட்டு, ஊருக்குத் திரும்பினதும் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம்னு இருக்கேன்." தங்கமணி என்னைப் பார்த்த பார்வையில், 'உங்களுக்குக் குதிகால் வலி வரலைன்னா இந்தப் பேச்சே வந்திருக்காது' என்று எழுதியிருந்தது.

ஒரிஜினலைப் பார்க்கணும் என்றால் முதலில் போக வேண்டிய இடம் வாட் போ. சாவ் பிரயா ஆற்றில் படகு பிடித்து தா தியென் துறையில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. பெரிய சயன புத்தர். 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். எல்லாரும் முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, மாமா நேராகப் போய் நின்ற இடம் பாதம். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற அந்த இரண்டு உள்ளங்கால்களிலும் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள். "பார்த்தீங்களா மாப்ளே, பாதத்துல எத்தனை பாயின்ட்டுன்னு!" அது பாயின்ட் இல்லை மாமா, புத்தரோட லட்சணங்கள் என்று மச்சான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

ஆனால் பாயின்ட் இல்லாமலும் இல்லை. மூன்றாம் ராமா என்ற ராஜா (ஆட்சி 1824 முதல் 1851 வரை) 1830-களில் அன்றைக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் கல்லில் வெட்டி இந்தக் கோயிலில் பதிக்கச் சொன்னார். மருத்துவம், கவிதை, வரலாறு எல்லாம். அச்சுப் புத்தகம் பரவாத காலத்தில் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்ற ஏற்பாடு. இந்தக் கல்வெட்டுத் தொகுதியை யுனெஸ்கோ 2011-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் மசாஜுக்கு மட்டும் 60 பலகைகள். மனுஷ உருவம் வரைந்து, உடம்பு முழுக்கக் கோடு போட்டு, புள்ளி புள்ளியாகக் குறித்திருக்கிறார்கள். வெளியே தோட்டத்தில் ரிஷிகள் உடம்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சிலைகள். 1836-ல் 80 வார்த்தார்களாம், இப்போது இருபது சொச்சம்தான் மிச்சம். ஒருத்தர் காலைத் தூக்கித் தோளில் போட்டிருக்கிறார், ஒருத்தர் தன் பாதத்தைத் தானே பிடித்து இழுக்கிறார். நம்ம ஊர் யோகாசன வகுப்பேதான்.

அந்தக் கோடுகளுக்குத் தாய் மொழியில் 'சென்' என்று பேர். உடம்பில் 72,000 ஓடுகின்றன, அதில் முக்கியமானவை பத்து என்பது அவங்க கணக்கு. முதல் மூன்றின் பேரைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தா, பிங்கலா, சுமனா. நம்ம இடகலை, பிங்கலை, சுழுமுனையேதான்! 72,000 நாடி, தச நாடி என்று நம்ம சித்தர் மரபில் சொல்கிற அதே எண்ணிக்கை. மசாஜ் ஆரம்பிக்கும் முன் அவங்க வணங்குகிற ஆதி குருவும் நம்ம பக்கத்து ஆள்தான். புத்தருக்கும் பிம்பிசார ராஜாவுக்கும் வைத்தியம் பார்த்த ஜீவகர். பௌத்தத்தோடு கப்பலேறிப் போன சரக்கு, அங்கே போய் கையும் காலும் முளைத்து வேறு ஒன்றாக வளர்ந்திருக்கிறது. இந்த 'நுவாட் தாய்' என்கிற தாய் மசாஜை 2019-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் கலாசார மரபுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது.

மசாஜ் என்றதும் கண்ணடிக்கிற ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. அதற்கு வேறு கடை, வேறு தெரு. நான் சொல்வது 'நுவாட் தாவ்'. தாவ் என்றால் பாதம். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், வரிசையாகச் சாய்வு நாற்காலி போட்டு, பாட்டியிலிருந்து பள்ளிக்கூடப் பையன் வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு தூங்குகிற இடம்.

முதல் நாள் சாயங்காலம் நானும் மச்சானும் மட்டும் போனோம். மச்சான் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நாலு நாற்காலி போட்ட சின்னக் கடை. ஒரு மணி நேரத்துக்கு 300 பாட். சுவரில் அரசாங்க லைசென்ஸ், பயிற்சி சர்டிபிகேட், பக்கத்தில் கலர் கலராக இரண்டு பாதம் வரைந்த படம். கட்டைவிரலில் மூளை, மற்ற விரல்களில் கண்ணும் காதும், உள் ஓரம் முழுக்க முதுகெலும்பு, நடுவில் வயிறு, கணையம், சிறுநீரகம், இடது காலில் மட்டும் இதயம். கடைக்காரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். தாய் மொழியில் மசாஜ் செய்கிறவரை 'மோ நுவாட்' என்பார்கள். 'மோ' என்றால் வைத்தியர்.

அந்தம்மா முதலில் ஒரு அட்டையை நீட்டினார். பிரஷர், சர்க்கரை, இதயம், கர்ப்பம், சமீபத்தில் ஆபரேஷன் என்று படம் போட்டுக் கேள்விகள். எனக்கு எல்லாம் இல்லை. அடுத்து ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், மிதக்கிற எலுமிச்சைத் துண்டுகள். கீழே உட்கார்ந்து என் காலை எடுத்து அதில் வைத்துக் கழுவ ஆரம்பித்தார். எனக்குக் கூச்சத்தில் கால் தானாகப் பின்னால் போனது. நம்ம வழக்கத்தில் பெரியவங்க காலை நாம் தொடுவோம், பெரியவங்க நம்ம காலைத் தொட்டால் பாவம். தாய்லாந்திலும் கால் கீழான உறுப்புதான். யாரையும் பார்த்து கால் நீட்டக் கூடாது, புத்தர் பக்கம் நீட்டவே கூடாது. அந்த ஊரில் பிறந்த ஒருத்தர் முன்பின் தெரியாதவன் காலை மடியில் வைத்துக்கொள்கிறார்.

"காலை நீட்டுங்க அத்தான், அவங்க டைம் ஓடுது" என்றான் மச்சான்.

அப்புறம் கைகூப்பி ஒரு வணக்கம். ஒரு காலைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு மற்ற காலில் தைலம். அமிர்தாஞ்சனத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு வாசனை. கட்டைவிரலால் உள்ளங்காலில் மேலும் கீழும் உழுதார். அப்புறம் விரல் முட்டி. அப்புறம் ஒரு மரக்குச்சி. கிட்டிப்புள்ளை வழவழவென்று தேய்த்த மாதிரி, நுனி மழுங்கினது. அதை வைத்து ஒவ்வொரு விரல் நுனியிலும் ஓர் அழுத்து. ஐயோ!

"ஜெப் மாய்?" வலிக்குதா என்று அர்த்தம்.

"ஜெப்! ஜெப்!"

"பாவ் பாவ்" என்று சிரித்துக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்தார். மெதுவா மெதுவா. பாங்காக் போகிறவர்கள் இந்த இரண்டு வார்த்தையைத் தெரிந்துகொண்டால் உயிரோடு திரும்பலாம்.

நடுப்பாதத்தில் அழுத்திவிட்டு "ஸ்டமக் நோ குட்" என்றார். குதிகால் ஓரம் அழுத்திவிட்டு "ஸ்லீப் நோ குட்". இரண்டும் உண்மைதான். ஆனால் ஐம்பது வயசு, முன்னால் ஒரு தொப்பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். இதைச் சொல்ல கால் எதற்குங்க? முகத்தைப் பார்த்தாலே போதுமே.

குதிகால் வலியை மச்சான் மொழிபெயர்த்துச் சொன்னதும், வலிக்கிற இடத்தை அந்தம்மா தொடவே இல்லை. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் இழு இழு என்று இழுத்தார். கணுக்காலுக்கு மேலிருந்து முழங்கால் வரை நரம்பு தெறிக்கிற மாதிரி. கடைசியில் விரல்களைச் சொடக்கெடுத்து, உள்ளங்காலில் பட் பட் என்று தட்டி, தோளைக் கொஞ்சம் பிடித்துவிட்டு, சூடாக ஒரு கிளாஸ் கொடுத்தார். இனிப்பாக, காய்ந்த பழ வாசனையோடு. என்னவென்று கேட்டால், வில்வப்பழ டீ! சிவனுக்கு இலை, தாய்லாந்துக்காரங்களுக்குப் பழம்.

தெருவில் இறங்கி நடந்தபோது கால் இரண்டும் புதுசாக வாங்கி மாட்டின மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் முதல் அடி வைத்தேன். ஆணி இருந்தது, ஆனால் சின்ன ஆணி. அதற்கு அடுத்த நாள் பழைய ஆணியே வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் (ஸ்லீப் நோ குட்!) அந்தக் கலர் படத்தின் பூர்வீகத்தைத் தேடினேன். வாட் போ கல்வெட்டிலிருந்து வந்திருக்கும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். இல்லை. அமெரிக்கா! வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை டாக்டர், உடம்பை நெடுக்காகப் பத்து மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்தில் ஓர் இடத்தை அழுத்தினால் அதே மண்டலத்தில் இன்னோர் இடத்து வலி போகும் என்று 1917-ல் ஒரு புத்தகம் போட்டார். 1930-களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட் அம்மா அதைப் பாதத்துக்கு மட்டும் கொண்டுவந்து, எந்த உறுப்பு எங்கே என்று படம் போட்டார். அவர் புத்தகம் வந்தது 1938-ல். அது ஐரோப்பா போனது. ஜோசப் யூக்ஸ்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரியார் அதைக் கற்று தைவானில் பரப்பினார். சீனர்கள் வழியாகக் கிழக்கு ஆசியா முழுக்க பாத மசாஜ் கடைகள் முளைத்தன. தாய்லாந்துக்காரங்க அந்தப் படத்தையும் குச்சியையும் வாங்கி, தங்களுடைய சென் கோடுகளோடும் கெண்டைக்கால் பிடியோடும் கலந்து, 'பாரம்பரிய' என்று போர்டு மாட்டிவிட்டார்கள்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நம்ம சாம்பாரில் போடுகிற மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். அதனால் சாம்பார் நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? ஆனால் கணையம் உள்ளங்காலில் இருக்கிறது என்று ஒருத்தர் மாத்திரையை நிறுத்தப் போகிறார் என்றால், அந்தப் படத்தை யார், எப்போது, எதை வைத்து வரைந்தார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆளைக் காட்டாமல் காலை மட்டும் காட்டி, இவருக்கு என்ன வியாதி என்று பாத சிகிச்சை நிபுணர்களிடம் கேட்ட ஒரு பரிசோதனை 2000-ல் பிரிட்டனிலிருந்து வெளிவந்தது. அவர்களால் வியாதி உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2009-ல் எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் அதுவரை நடந்த 18 ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்து, எந்த வியாதிக்கும் இது பலன் தரும் என்று காட்ட நல்ல ஆதாரம் இல்லை என்று எழுதினார். 2019-ல் ஆஸ்திரேலிய அரசு, மருத்துவ இன்ஷூரன்ஸ் மானியத்திலிருந்து இதை எடுத்துவிட்டது. இதையெல்லாம் மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னேன்.

"வெள்ளைக்காரன் அப்படித்தான் சொல்லுவான் மாப்ளே."

"அந்தப் படத்தைப் போட்டதே வெள்ளைக்காரங்கதான் மாமா."

"அப்படியா? அப்ப சயின்ஸ்தான்!"

இதுக்கு மேல் என்ன பேச? சாயங்காலம் மூன்று பேருமாகக் கிளம்பினோம்.

அந்தம்மா மாமாவைப் பார்த்ததும் "பாப்பா, சிட், சிட்" என்று உபசரித்தார். வயசான வெளிநாட்டுக்காரர் எல்லாரையும் அங்கே 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுபத்தொரு வயசில் பாப்பா ஆன மாமாவுக்கு ஒரே சந்தோஷம். வேட்டியை மாற்றி அவங்க கொடுத்த தொளதொளா நிஜார் மாட்டிக்கொண்டு ஜம்மென்று சாய்ந்துகொண்டார்.

அட்டை வந்தது. மாமா எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்ட, மச்சான் குறுக்கே புகுந்து "பாவ் வான்" என்றான். சர்க்கரை வியாதிக்கு அவங்க வார்த்தை. பிரித்தால் இனிப்பு மூத்திரம் என்று அர்த்தமாம்.

அந்தம்மாவின் முகம் மாறியது. கண்ணாடி எடுத்து மாட்டிக்கொண்டார். மொபைல் டார்ச்சை அடித்து மச்சானைப் பிடிக்கச் சொன்னார். மாமா காலைத் தூக்கி மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக விலக்கி, இடுக்கில் பார்த்தார். குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே, பாதம் புடைத்திருக்கிற இடத்தில் நின்றார். தோல் காய்த்துப்போய், நடுவில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் ஈரமாக, சிவப்பாக. புதுப் புண்.

அதைச் சுற்றி விரலால் லேசாக அழுத்தி, "ஜெப் மாய், பாப்பா?"

"என்ன கேட்கிறாங்க?"

"வலிக்குதாப்பா?"

"எங்க? ஒண்ணும் தெரியலையே. ஆரம்பிக்கச் சொல்லு."

அந்தம்மா மச்சானைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மாய் நுவாட்." மசாஜ் கிடையாது.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. காசு கொடுக்கிறோம், கடல் தாண்டி வந்திருக்கிறோம், என்ன மாய் நுவாட்? அந்தம்மா அமைதியாக மச்சானிடம் ஏதோ சொன்னார். அவன் மொழிபெயர்த்தான். "வலிக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும். உங்களுக்கு வலியே தெரியலைன்னா நான் எங்க நிறுத்துறது?"

மாமா பேசவில்லை. அந்தம்மா உள்ளே போய் முதலுதவிப் பெட்டி கொண்டுவந்து, புண்ணைக் கழுவி, துணி வைத்துக் கட்டினார். குச்சியைத் தூக்கி டிராயரில் போட்டுவிட்டு, மாமாவை நிமிர்ந்து உட்காரச் சொல்லி தோளையும் கழுத்தையும் அரைமணி நேரம் பிடித்துவிட்டார். கட்டுப் போட்டதற்குக் காசு வாங்கவில்லை. இன்றைக்கே டாக்டர், நாளைக்கு இல்லை என்று மச்சானிடம் இரண்டு தடவை சொன்னார். அவங்க அம்மாவுக்கும் பாவ் வானாம். அதற்கு மேல் அவங்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்று ராத்திரியே ஒரு கிளினிக்கில் காட்டி மருந்து வாங்கினோம். ஊர் திரும்பியதும் சர்க்கரை டாக்டர். அவர் ஒரு நைலான் இழையை எடுத்தார். மீன்பிடி நரம்பு மாதிரி, ஒரு பிடியில் மாட்டியது. தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் பாரத்தில் வளையும். பேஷன்ட் கண்ணை மூடிக்கொண்டு, படும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் இரண்டு காலிலும் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போனார். எல்லாம் முடிந்து இழையை மேஜைமேல் வைத்தார்.

"ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால் காலில் உள்ள உணர்ச்சி நரம்புகள் செத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, கொதிக்கிற தண்ணீர் பட்டாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் புண் ஆறாது. விரலையோ காலையோ எடுக்கிற கதையெல்லாம் இப்படிக் கண்ணில் படாத சின்னப் புண்ணில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. முள் செருப்பைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமாவுக்கு அது பழகியதால் வலிக்காமல் போகவில்லை, வலி தெரியாததால்தான் பழகியிருக்கிறது. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். அதில் எத்தனை மொட்டைமாடியில் எத்தனை முள் செருப்போ.

புண் ஆற ஆறு வாரம் ஆனது. மாத்திரை நிற்கவில்லை, ஒன்று கூடியது. பேக்கேஜில் மிச்சமிருந்த சிட்டிங்குக்கு மாமா போகவில்லை.

என் குதிகால்? டாக்டர் சொன்னபடி கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி, குஷன் வைத்த செருப்பு, பிரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவது. எட்டு மாசம் பிடித்தது. பாங்காக் அம்மாவும் வலிக்கிற இடத்தை விட்டுவிட்டுக் கெண்டைக்காலைத்தானே பிடித்தார்? படத்தில் கெண்டைக்கால் கிடையாது. ஆயிரக்கணக்கான கால்களைப் பிடித்த கைக்குத் தெரிந்திருக்கிறது. வியாதியைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். ஒரு மணி நேரம் நிம்மதியாக இருக்கும் என்று சொன்னால் நானே கூட்டிக்கொண்டு போவேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். (டிஸ்கி: நான் டாக்டர் இல்லை.)

1. சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம், எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்காமலே குச்சியை எடுக்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

2. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் மசாஜ் கூடவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். நேராக டாக்டர்தான்.

3. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

4. "ஜெப்", "பாவ் பாவ்". கூச்சப்படாமல் சொல்லுங்கள். வலித்தால்தான் குணமாகும் என்று பல்லைக் கடிக்க வேண்டியதில்லை.

5. முடிந்ததும் 50, 100 பாட் கையில் கொடுங்கள். கைகூப்பி ஒரு "கோப் குன்". பெண்கள் என்றால் "கோப் குன் கா", ஆண்கள் "கோப் குன் க்ராப்".

6. இது மாமா சேர்க்கச் சொன்னது. சர்க்கரை இருக்கிறவர்கள் தினமும் படுக்கப் போகும் முன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் காலைக் காட்டலாம். விரல் இடுக்கை மறக்கக் கூடாது. மாமா இதற்கென்று ஒரு நோட்டு போட்டிருக்கிறார். பொதுப்பணித்துறை எம்-புக் மாதிரியே கோடு போட்டு, தேதி, இடது, வலது, குறிப்பு என்று நாலு கட்டம். நேற்று ராத்திரி எழுதியது: 'இடது சரி. வலது சரி. சுண்டுவிரல் நகம் வெட்ட வேண்டும்.' கீழே கையெழுத்து. பக்கத்தில் அத்தையின் கையெழுத்தும் இருக்கிறது. செக் மெஷர்மென்ட்டாம்.